கரிசல் வரப்பில் உயிர்வேலி

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, குருவிகுளத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள் பெரும்பாலும் கரிசல் நிலமுடையவை. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் விதைத்து, தை, மாசியில் பலன் காண்பது இப்பக்கத்து வழக்கம். பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம் முதலியன மானாவாரியாகப் பயிராகின்றன. கிணறுள்ள இடங்களில் மிளகாய், காய்கறி, பூச்செடிகள் ஆகியவை தோட்டப் பயிர்களாகச் சாகுபடியாகின்றன.

ஊரின் பெயரிலேயே குருவியும் குளமும் இருக்கின்றன. அண்மையிலுள்ள கழுகுமலையோ, சம்பாதி என்னும் கழுகரசன் வழிபட்ட தலம் என்று புராணம் கூறும் பெருமையுடையது. பெயர்கள் நிலைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகளை இந்நாளில் பார்க்க விரும்புவோர் பெரும்பாலும் நீலகிரிப் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. மாட்டு வைத்தியத்தில் வழங்கிய டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் மாமிசத்தின் வழியே கழுகுகளின் உடலிற் சேர்ந்து, இந்தியா முழுவதிலும் அவற்றை ஏறக்குறைய அழித்துவிட்டது. 2006-ஆம் ஆண்டில் அம்மருந்தை மாட்டு வைத்தியத்திற்கு உபயோகிப்பது தடுக்கப்பட்டது. அதற்குள் சேதம் மிகுந்துவிட்டது. ஒரு பிராணியின் உதவி இத்தகையதென்று அது மறைந்த பின்னரே உலகம் உணர்கிறது என்பதற்கு இது தக்க உதாரணம். புன்செய்க் காட்டில் வாழும் சிறு பறவைகள், பூச்சிகள் விஷயத்தில் அவ்வாறு நேராதபடி இப்போதே கவனிப்பது குடியானவர்களுக்கு லாபகரமான காரியமாகும்.

வரப்பு வீண் நிலமா?

ஒரு சாண் இடமும் வீணாகலாகாது என்ற எண்ணத்தால் பல இடங்களில் வரப்புகள் ஒடுங்கிவிட்டன. டிராக்டர் திரும்புவதற்கு இடையூறு என்று பழைய வேலிகள் வெட்டப்பட்டன. வரப்பில் எஞ்சிய புல்லும் புதரும் மாசி, பங்குனியில் நெருப்பிடப்படுகின்றன. மேற்பார்வைக்கு நிலம் துப்புரவாகவும் விசாலமாகவும் தோன்றுகிறது. ஆயினும் பயிரைத் தின்னும் பூச்சிகளை இரையாகக் கொள்ளும் பிராணிகளுக்குப் பயிரில்லாத ஆறேழு மாதங்களில் தங்க நிழலில்லை, உண்ண இரையில்லை, குடிக்க நீரில்லை. அவை அகன்றுவிடுகின்றன. பயிர் எழும்போது பயிரைத் தின்னும் பூச்சிகள் முந்தி வருகின்றன. அவற்றைத் தின்னும் பிராணிகள் பிந்தி வருகின்றன, அல்லது வருவதே இல்லை. அந்த இடைவெளியை நிரப்பவே குடியானவர் மருந்துக் கடையை நாட வேண்டியதாகிறது.

2018-ஆம் ஆண்டு இதற்குச் சான்று கூறும். அமெரிக்கக் கண்டத்திற் பிறந்த படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவிலும், 2018-இல் முதலில் கர்நாடகத்திலும், அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டிலும் காணப்பட்டது. ஒரு தாய் அந்துப்பூச்சி தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகள் இடவல்லது. புழு மக்காச்சோளத்தின் குருத்துக்குள் நுழைந்து மறைந்துகொண்டு தின்பதால், மேலே தெளிக்கும் மருந்து எளிதில் அதைச் சென்று தொடுவதில்லை. இருமுறை, மும்முறை தெளித்தும் பயிர் தேறாமற்போனவர்கள் பலர். புதிதாக வந்த சத்துருவாகையால் அதைத் தடுக்கும் பிராணிகள் அப்போது வயல்களில் போதிய அளவில் இல்லை. அதன் பின் விவசாய இலாகாவும் பல்கலைக் கழகமும் கூறிவரும் யோசனைகளில் கோடை உழவு, வேப்பம் பிண்ணாக்கு, வரப்புப் பயிர், ஊடுபயிர், பறவைத் தாங்கி ஆகியவை முக்கிய இடம் பெற்றிருக்கின்றன. இவற்றுள் பின்னைய மூன்றும் துணைப் பிராணிகளுக்கு இடமளிக்கும் முறைகளே.

துணைவர்கள் யாவர்?

உழும்போது ஏரின் பின்னே நடந்து வரும் உண்ணிக்கொக்கையும் மைனாவையும் யாவரும் கண்டிருப்பர். அவை பொறுக்குவன கூட்டுப் புழுக்களும் வெட்டுக்கிளிகளுமே. மாட்டின் முதுகிலும் கம்பத்திலும் அமர்ந்திருந்து, பறக்கும் அந்துப்பூச்சியைத் தாவிப் பிடிப்பது இரட்டைவால் குருவி எனப்படும் கரிச்சான். பனங்காடை வெட்டுக்கிளியையும் வண்டையும் உண்டு, மொட்டைப் பனையின் பொந்தில் குஞ்சு பொரிக்கும். கூட்டமாகத் திரியும் தவிட்டுக்குருவி வேலியடியிலுள்ள சருகைக் கிளறிப் புழுக்களைத் தின்னும். தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியுங்கூடத் தம் குஞ்சுகளுக்குப் புழுபூச்சிகளையே ஊட்டி வளர்க்கின்றன.

இது வெறும் நம்பிக்கையன்று. 1912-ஆம் ஆண்டில் பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்தார், இந்தியப் பறவைகள் பலவற்றின் இரைப்பைகளைச் சோதித்து, மேசன் என்பவர் எழுதிய ஒரு பெரிய அறிக்கையை வெளியிட்டனர். எந்தப் பறவை பயிருக்கு நன்மை செய்வது, எது தீமை செய்வது என்று தீர்மானிப்பதற்குக் கண்ணாற் கண்ட கணக்கு அதனால் கிடைத்தது. கணக்கின்றிக் காரியம் செய்தால் விளைவது யாது என்பதைச் சீன தேசம் காட்டியது. அங்கே 1958-இல் சிட்டுக்குருவி தானியத்தைத் தின்கிறதென்று நாடெங்கும் குருவிகளைக் கொல்லும்படி உத்தரவாயிற்று. ஜனங்கள் தட்டும் தாம்பாளமும் அடித்துக் குருவிகளை அமரவிடாமல் விரட்டினர்; கூடுகளைக் கலைத்தனர். குருவிகள் குறைந்தபின் பூச்சிகளின் தொல்லை மிகுந்தது. 1960-இல் ஒழிக்க வேண்டியவற்றின் ஜாபிதாவிலிருந்து குருவி நீக்கப்பட்டு, அதன் இடத்தில் மூட்டைப்பூச்சி சேர்க்கப்பட்டது.

பறவைகளினும் சிறியவை செய்யும் வேலை அதிகம். பொறிவண்டும் அதன் புழுவும் செடிப்பேனைத் தின்னும். கும்பிடுபூச்சி, தட்டான், சிலந்தி ஆகியவை அகப்பட்ட பூச்சிகளையெல்லாம் பிடிக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு குளவிகள் பிற பூச்சிகளின் முட்டையிலோ உடலிலோ தம் முட்டையை இட்டு அவற்றை அழிக்கின்றன. இக்குளவிகளின் வல்லமை சென்ற சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடு அறிந்ததே. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி, பப்பாளி முதலிய பல பயிர்களைக் கெடுத்தது. மருந்துக்கு அது அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒருவகைச் சிறு குளவி தருவிக்கப்பட்டு, பல்கலைக் கழகத்தாரால் பெருக்கி வினியோகிக்கப்பட்டது. சிறிது காலத்திற்குள் மாவுப்பூச்சி அடங்கியது. வளர்ந்த குளவி பூவின் தேனை உண்டு உயிர்வாழ்வது. பூவில்லாத வரப்பில் அது நிலைப்பதில்லை.

எலி விஷயத்தில் கூகை, ஆந்தை, சாரைப்பாம்பு, கீரி ஆகியவை குடியானவனின் காவற்காரர்கள். கூகையைச் சாவுக்குருவி என்று பெயரிட்டு விரட்டுவது பெருந்தவறு. அது இரவில் வேட்டையாடி எலிகளையே முக்கிய ஆகாரமாகக் கொள்வது. மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியைக் குறைப்பதற்கென்றே மரப்பெட்டிகள் வைத்துக் கூகைகளை வளர்க்கிறார்கள். இஸ்ரேல் தேசத்து விவசாயிகளும் 1983 முதல் இம்முறையைக் கையாண்டு வருகின்றனர். சங்கரன்கோவிலில் புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெற்று, பாம்பு, தேள் உருவங்களைக் காணிக்கையாகச் செலுத்தும் இப்பக்கத்தார், தம் வரப்பில் ஓடும் சாரையை அடித்துக் கொல்வது பொருத்தமாகாது. சாரைப்பாம்பு விஷமற்றது.

எந்தச் செடிகளை வைப்பது?

உயிர்வேலிக்குக் கரிசலின் வறட்சியைத் தாங்கும் நாட்டுச் செடிகளே ஏற்றவை. அவற்றின் குணங்கள் கீழே கூறப்படுகின்றன.

கிளுவை: போத்து நட்டால் எளிதில் வேர்விடும். முள்ளுடையதாதலால் ஆடுமாடுகளைத் தடுக்கும். ஓரடி இடைவெளியில் இரு வரிசையாக, வரிசைகள் ஒன்றற்கொன்று மாறாக நடுதல் நன்று. தழையை ஆடு விரும்பித் தின்னும்.

நொச்சி: இதுவும் போத்திலிருந்து வளர்வது. இலையை மாடு கடிக்காது. தழை உலர்த்திய தானியத்திற்கு இடையே வைக்கவும், பசுந்தாளாக இடவும் உதவும். பூவில் தேனீ மொய்க்கும்.

ஆவாரை: முதல் மழையில் விதையைத் தூவினாலே முளைக்கும். வேலியின் அடியை அடைக்கும். மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுவதற்கு உகந்தது.

இலந்தை, சங்கஞ்செடி, காரை: முட்புதர்களாகி, தவிட்டுக்குருவி, கௌதாரி, காடை முதலியவற்றுக்கு ஒதுங்கிடமும் பழமும் தருவன. வேலி மூலைகளில் ஒவ்வொன்று போதும்.

வேம்பு, கருவேல், உடை, பூவரசு, பனை: ஓடைக்கரை, வண்டிப்பாதை, கிணற்றடி ஆகிய இடங்களில் நூறடிக்கு ஒன்றாக விடலாம். பயிருக்கு நடுவே வேண்டுவதில்லை. பனை மற்ற மரங்களைவிடக் குறைந்த நிழலுடையது. தூக்கணாங்குருவி கூடு கட்டவும், பனை உழவாரன் தங்கவும், பொந்தில் ஆந்தை குடியிருக்கவும் அதற்கு இணையான மரம் கரிசலில் இல்லை. ஆகையால் பட்டுப்போன பனையொன்று ஓடையோரத்தில் நின்றால், அபாயமில்லாத பட்சத்தில், அதை அப்படியே விடுவது நலம்.

சீமைக்கருவேலை வேலியாக வைப்பதைப்பற்றிச் சிலர் வினவுகின்றனர். அது விரைவில் வளர்ந்து வேலியாவது உண்மையே, விறகும் தரும். ஆயினும் பக்கத்து நிலத்திலும் குளத்திலும் பரவி, மற்றச் செடிகளை வளரவிடாமற் செய்யும். ஆகவே அதைப் படிப்படியாக நீக்கி, நீக்கிய இடத்தில் மேற்கூறிய செடிகளை உடனே வைக்க வேண்டும். நீக்கிய இடத்தை வெறுமையாக விட்டால் அதுவே மீண்டும் முளைக்கும். வெட்டிய கிளைகளை வீசாமல் பறவைத் தாங்கிகளாக உபயோகிக்கலாம்.

வரப்புப் பயிரும் பறவைத் தாங்கியும்

உயிர்வேலி வளர இரண்டு மூன்று ஆண்டுகளாகும். அதுவரை காத்திராமல், விதைக்கும் ஆண்டிலேயே பலன் தரத்தக்கவை வரப்புப் பயிரும் பறவைத் தாங்கியும் ஆகும்.

பருத்திக் காட்டைச் சுற்றித் தட்டைப்பயறு இரு வரிசை விதைக்கலாம். தட்டைப்பயற்றில் கறுப்புச் செடிப்பேன் முந்தித் தோன்றும். அதைத் தின்னப் பொறிவண்டுகள் வந்து பெருகும். பின்னர் பருத்தியில் பேன் தோன்றும்போது வண்டுகள் அங்கே செல்லும். தட்டைப்பயற்றின் பேன் வேறு, பருத்தியின் பேன் வேறு ஆகையால் சத்துரு பரவுமென்ற அச்சம் வேண்டுவதில்லை. 2002 முதல் நம் நாட்டில் வழங்கும் பி.டி. பருத்தி காய்ப்புழுவைத் தடுப்பதற்கென ஏற்பட்டது. அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ ஆகிய சாறு உறிஞ்சும் பூச்சிகளை அது தடுப்பதில்லை. எனவே பி.டி. பருத்தி விதைப்போருக்கும் பொறிவண்டின் உதவி வேண்டியதே. வரப்போரத்தில் அங்கங்கே ஆமணக்கு வைத்தால், புரொடீனியாப் புழுவின் தாய்ப்பூச்சி அதன் இலையில் குவியலாக முட்டையிடும். அவ்விலைகளைக் கிள்ளி அழிப்பது எளிது.

மக்காச்சோளத்தைச் சுற்றி எள், தட்டைப்பயறு, துவரை, சூரியகாந்தி ஆகியவற்றில் ஒன்றை மூன்று வரிசை விதைத்து, உள்ளே உளுந்து அல்லது பாசிப்பயற்றை ஊடுபயிராக்கலாம். எள்ளும் மல்லியும் பூத்தால் சிறு குளவிகளுக்குத் தேன் கிடைக்கும். வரப்பில் தானே முளைக்கும் தும்பையைக் களையென்று பறிக்காமல் விடுதல் நன்று.

பறவைத் தாங்கி என்பது, பயிருக்கு மேல் ஓரடி முதல் இரண்டடி உயர்ந்து நிற்குமாறு நட்ட கம்பும் அதன் தலையில் குறுக்கே கட்டிய குச்சியுமேயாகும். மக்காச்சோளத்திற்கு ஏக்கருக்குப் பத்தும், பருத்திக்கும் பயறு வகைகளுக்கும் ஏக்கருக்கு இருபதும் போதுமானவை. பயிர் முளைத்து எழுந்ததும் நட வேண்டும். கரிச்சான் பகலிலும், ஆந்தை இரவிலும் அதில் அமர்ந்து வேட்டையாடும். கம்பு, சோளம், மக்காச்சோளம், சூரியகாந்தி ஆகியவற்றில் மணி பிடிக்கத் தொடங்கியவுடன் தாங்கிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் தானியம் தின்னும் பறவைகளுக்கு அவையே இருக்கையாகும். இதை மறப்பவர்களே பறவைத் தாங்கியால் நஷ்டமென்று குறைகூறுவர்.

தேனீக்களையும் இங்கே கருத வேண்டும். சூரியகாந்தி, மல்லி, பூசணி, பீர்க்கு முதலியவற்றில் மணி அல்லது காய் நன்றாய்ப் பிடிக்கத் தேனீ வர வேண்டும். சூரியகாந்திக்கு ஏக்கருக்கு இரண்டு தேன்பெட்டி வைப்பது நல்ல மகசூலுக்கு உதவும். பூக்கும் காலத்தில் காலை வேளையில் மருந்து தெளித்தால் தேனீ மடியும், காய்ப்பு குறையும். தெளித்தே ஆகவேண்டிய நிலையில் மாலை சாய்ந்த பின் தெளிப்பது முறை.

வீட்டுப் புறவாசல்

வயலில்லாத இடத்திலும் இம்முயற்சிக்கு வழியுண்டு. புறவாசலில் முருங்கை, எலுமிச்சை, கறிவேப்பிலை, செம்பருத்தி, துளசி ஆகியவை இருந்தால் தேன்சிட்டும் தேனீயும் வரும். வீட்டுக்கும் காய்கறி உதவும். காங்கிரீட் வீடுகளில் சிட்டுக்குருவிக்குக் கூடு கட்டச் சந்தில்லை. பக்கத்தில் துளையிட்ட மண்கலயம் ஒன்றைத் தாழ்வாரத்தில், பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டினால் போதும். பங்குனி முதல் ஆனி வரை கிணற்றடியில் அகன்ற மண்சட்டியில் நீர் வைக்க வேண்டும். கொசு பெருகாதபடி இரு நாளுக்கொருமுறை அதை மாற்ற வேண்டும். அடர்ந்த புதரை மட்டும் வீட்டுச் சுவரையொட்டி வளர்க்கலாகாது. கரிசலில் நல்லபாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய விஷப்பாம்புகளும் உண்டு. இரவில் விளக்கின்றி வேலியோரம் செல்லுதல் கூடாது. யாரையேனும் பாம்பு கடித்தால் தாமதமின்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

செலவும் வரவும்

நிலம் குறையுமே என்பது நியாயமான கேள்வி. சதுரமான ஓர் ஏக்கரின் நான்கு புறமும் மூன்றடி அகலத்தில் வேலிக்கு விட்டால் ஏறக்குறைய 6 சென்ட் நிலம் செல்லும். இரு புறம் மட்டும் விட்டால் 3 சென்ட்டுக்குச் சிறிது குறைவு. ஏற்கெனவே உள்ள வரப்பை இதிற் கழித்தால் புதிதாக இழப்பது இன்னும் குறைவே. நூறு சென்ட்டில் இரண்டு, மூன்று சென்ட்டைக் கொடுத்து, ஒரு தெளிப்பையேனும் மிச்சப்படுத்தினால் மருந்தும் கூலியும் மீதியாகும். தவிர ஆட்டுக்குத் தழை, விறகு, பசுந்தாள் ஆகியவை உபரி வரும்படி.

நிழலைப் பற்றியும் கவனம் வேண்டும். ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வேலியின் நிழல் வடக்கே விழும். ஆகையால் நிலத்தின் வடக்கெல்லை ஓடையாகவோ வண்டிப்பாதையாகவோ இருந்தால் அங்கே உயர்ந்த வேலி வைக்கலாம். அடுத்தவர் நிலமாயின், அவருடைய சம்மதத்தின் பேரில், நான்கைந்தடிக்கு மேற்படாமல் ஆண்டுக்கு இருமுறை கத்தரித்து வர வேண்டும். எல்லைத் தகராறு வளர்க்கும் வேலி எவருக்கும் நன்மை செய்யாது. வேர்கள் பயிரின் ஈரத்தை இழுக்காதபடி வேலிக்கும் பயிருக்கும் இடையே ஒன்றரையடி ஆழத்தில் குறுகிய பள்ளம் எடுத்தால், அதுவே மழைநீரையும் பிடித்து வேலிக்கு ஊட்டும்.

தொல்லை செய்யும் பிராணிகள்

எல்லாப் பிராணிகளும் எப்போதும் நன்மையே செய்யுமென்று சொல்வது உண்மைக்கு மாறாகும். மயில் கூட்டமாக வந்து விதைத்த உளுந்தைக் கிளறித் தின்பதும், மிளகாய், தக்காளிச் செடிகளைச் சேதப்படுத்துவதும் இப்பக்கத்துக் குடியானவர்களின் பெருங்குறை. அந்தக் குறை நியாயமானதே. ஆயினும் மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அடங்கியிருப்பதால் அதைக் கொல்வது கடுந்தண்டனைக்குரிய குற்றம். விஷம் கலந்த தானியத்தைத் தூவுவோர் மயிலோடு கௌதாரி, புறா, கோழி, நாய் முதலியவற்றையும், அவற்றை உண்ணும் பிற பிராணிகளையும் கொல்கின்றனர். அந்த விஷம் மழைநீரோடு கிணற்றிலும் சேரக்கூடும்.

செய்யத்தக்கது வேறு. விதையை மேலாகத் தூவாமல் சரியான ஆழத்தில் ஊன்றி மூட வேண்டும். முளைத்து இரண்டிலை விடும் வரை விடியற்காலையும் மாலையும் ஆள் வைத்துக் காவல் செய்ய வேண்டும். அடுத்தடுத்த நிலக்காரர்கள் ஒரே வாரத்தில் விதைத்தால் காவற் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். சேதமும் ஒருவர் தலையில் விழாது. நாற்றங்காலுக்கு வலை போதும். நிலத்தையொட்டிய பெரிய சீமைக்கருவேற் புதரை நீக்கினால் மயிலும் பன்றியும் பகலில் பதுங்குமிடம் குறையும். உயிர்வேலி என்பது குறுகிய வரிசையேயன்றிப் பெருங்காடன்று என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் கூறுவது கடமை. துணைப் பிராணிகள் மருந்தின் தேவையைக் குறைக்குமேயன்றி, எல்லா ஆண்டிலும் அறவே நீக்கிவிடும் என்று எதிர்பார்க்கலாகாது. வாரம் ஒருமுறை வயலைச் சுற்றிப் பார்த்து, புழுவையும் பொறிவண்டையும் எண்ணி, புழு மிகுந்தபோது மட்டும் விவசாய அலுவலரின் யோசனைப்படி தெளிக்க வேண்டும். தேதி குறித்துக்கொண்டு தெளிப்பதால் சத்துருவும் மித்திரனும் ஒருங்கே மடியும். மீண்டும் முதலில் பெருகுவது சத்துருவே.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

குளக்கரை, ஓடைப் புறம்போக்கு, பாதையோரம் ஆகியவை ஊர்ப் பொதுவாகையால், தனி நிலக்காரரால் செய்ய முடியாததை ஊராட்சியும் கிராம அதிகாரிகளும் செய்ய வேண்டும். ஊரார் ஒன்றுபட்டால் நடப்பது என்ன என்பதற்கு இரண்டு ஊர்கள் சாட்சி.

வேடந்தாங்கல் ஏரியில் கூடுகட்டும் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊரார் முறையிட்டு, செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடமிருந்து 1798-ஆம் ஆண்டில் அப்பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலம் பெற்றனர். 1858-இல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-இல் அந்த ஏரி பறவைச் சரணாலயமாயிற்று. அவ்வூரார் பறவைகளைக் காத்ததற்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பாயும் நிலத்தில் உரச் செலவு குறையும் என்பதைக் கண்டறிந்த குடியானவர்கள் அவர்கள்.

திருநெல்வேலி ஜில்லா நாங்குனேரிப் பக்கத்திலுள்ள கூந்தங்குளம் நமக்கு இன்னும் அண்மையது. அங்கே செங்கால் நாரை, கூழைக்கடா முதலியன ஊருக்குள் வீட்டுப் புறவாசல் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரளாதபடி ஊரார் வெடி வெடிப்பதைத் தவிர்த்து வருகின்றனர். 1994-இல் அது சரணாலயமென அறிவிக்கப்பட்டது. எச்சம் படிந்த குளத்து வண்டல் அவ்வூர் வயல்களுக்கு எருவாகிறது.

குருவிகுளம் பகுதியிலுள்ள குளங்கள் மழையாண்டில் மட்டும் நிரம்புவன. அவற்றைக் கூந்தங்குளமாக்க முடியாது. செய்யக்கூடியவை சில உண்டு. குளக்கரையில் பனைவிதை ஊன்றலாம். நிற்கும் பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று 2021-இல் அரசினர் அறிவித்திருப்பதை ஊராருக்குத் தெரிவிக்கலாம். குளத்துச் சீமைக்கருவேலை ஏலம் விடும்போது, அதில் கொக்கு, நாரை கூடுகள் இருந்தால் குஞ்சுகள் பறக்கும் வரை அந்த மரங்களை நிறுத்தி வைக்கலாம்; நாட்டுக் கருவேலை வெட்டாதபடி நிபந்தனை எழுதலாம். குளத்தின் ஆழமான பகுதியில் சிறு பள்ளம் எடுத்துவைத்தால் கோடையிலும் சில வாரம் நீர் நிற்கும். வரப்பு நெருப்பைத் தடுப்பதற்கு ஊர்க் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

மாதவாரிக் குறிப்பு

சித்திரை, வைகாசி: மழை பெய்தவுடன் கோடை உழவு செய்க. கூடுமானவரை பகலில் உழுக. இரவில் டிராக்டர் ஓட்டினால் மேலே வரும் கூட்டுப்புழுக்களைப் பொறுக்கப் பறவைகள் வரமாட்டா.

ஆனி, ஆடி: வேலிக்கு இடம் குறித்துப் பள்ளம் எடுக்க. கிளுவை, நொச்சிப் போத்துகளைத் தேடிவைக்க.

ஆவணி, புரட்டாசி: மழை தொடங்குமுன் போத்து நடுக. பனைவிதை ஊன்றுக.

ஐப்பசி: ஆவாரை விதை தூவுக. பயிரோடு தட்டைப்பயறு, எள், ஆமணக்கு ஆகிய வரப்புப் பயிர்களையும் விதைக்க. முளைக்கும் வரை காவல் செய்க.

கார்த்திகை, மார்கழி: பறவைத் தாங்கி நடுக. வாரம் ஒருமுறை வயலைப் பார்வையிடுக.

தை: மணி பிடிக்கும் பயிர்களில் தாங்கிகளை நீக்குக.

மாசி, பங்குனி: வரப்பில் நெருப்பிடாதிருக்க. பறவைகளுக்கு நீர் வைக்கத் தொடங்குக.

நிலமுடையோர் தம் நிலம் முழுவதிலும் ஒரே ஆண்டில் இவற்றைச் செய்ய வேண்டுமென்பதில்லை. ஓடையோரத்து வரப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு கட்டுக் கிளுவைப் போத்தும் ஒரு படி தட்டைப்பயறும் கொண்டு தொடங்கலாம். அந்த வரப்பையடுத்த பயிரையும் மறு கோடியிலுள்ள பயிரையும் மார்கழியில் ஒத்துப்பார்த்து, புழுவையும் பொறிவண்டையும் எண்ணி ஒரு நோட்டில் குறித்துவரட்டும். மூன்று ஆண்டுக் கணக்கு கையிலிருந்தால், அடுத்த வரப்பில் வேலி வைப்பதா, வேண்டாமா என்பதை அவரவரே தீர்மானித்துக்கொள்ளலாம்.